மிட்ஜெட் கார்களுக்கு மரப்பலகைத் தடம்: 1:24 அளவில் கட்டும் முறை

கண்காட்சிக்கென்று மரப்பலகைப் பந்தயத் தடத்தின் மாதிரி செய்யத் தொடங்குபவர்கள் பலர் முதல் வரைபடத்திலேயே பிழை விடுகிறார்கள். 1920களில் அமெரிக்காவில் இருந்த பெரிய மரத்தடம் ஒன்றைச் சுருக்கிக் கட்டி, அதன் மேல் மிட்ஜெட் கார்களை (மேலே திறந்த, சில்லு வெளியே தெரியும் சிறு பந்தயக் கார்களை) ஓட விடுகிறார்கள். அந்தப் பெரிய தடங்கள் உக்கி மூடப்பட்ட பிறகுதான் மிட்ஜெட் பந்தயமே தொடங்கியது. ஆகவே என்ன கட்டுகிறோம் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

சைக்கிள் ஓட்டத் தடங்களைக் கட்டிப் பழகிய ஜாக் பிரின்ஸ், 1910இல் லொஸ் ஏஞ்சலிஸ் அருகே பிளாயா டெல் ரேயில் கார்களுக்கென ஒரு மைல் மரவட்டத்தைக் கட்டினார். 1915இல் சிகாகோவிலும் நியூயோர்க்கின் ஷீப்ஸ்ஹெட் பேயிலும் 2 மைல் தடங்கள் எழுந்தன. 1920இல் பெவர்லி ஹில்ஸ், 1923இல் அல்டூனா. 1926இல் மயாமிக்கு அருகே ஃபுல்ஃபோர்டில் 50 பாகைச் சாய்வோடு கட்டிய தடம் ஒரேயொரு பந்தயத்தைக் கண்டது. அதே ஆண்டு செப்டெம்பர் சூறாவளி அதை அழித்துவிட்டது. மற்றவற்றை மழையும் வெயிலும் சில ஆண்டுகளிலேயே தின்றன. பொருளாதார வீழ்ச்சியும் சேர, 1930களின் தொடக்கத்தோடு அந்தக் காலம் முடிந்தது.

மிட்ஜெட் பந்தயம் ஒழுங்காகத் தொடங்கியது 1933இல், லொஸ் ஏஞ்சலிஸில். அந்தக் கார்கள் மரத்தின் மேல் ஏறியது பழைய சைக்கிள் தடங்களில்தான். நியூஜேர்சியின் நட்லி வெலோட்ரோம் அதற்குச் சரியான எடுத்துக்காட்டு: சுற்று ஒரு மைலில் ஏழில் ஒன்று, வளைவுகளில் 45 பாகைச் சாய்வு. 1938, 1939 ஆகிய இரண்டு பருவங்கள் மட்டும் மிட்ஜெட்கள் அங்கே ஓடின. அதற்குள் மூன்று ஓட்டுநர்கள் இறந்தார்கள். நம் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் போடும் 400 மீற்றர் தடத்தோடு ஒப்பிட்டால், நட்லியின் சுற்று 230 மீற்றர், பாதிக்குச் சற்றுக் கூட. இங்கே கட்டப்போவது அந்த அளவுச் சுற்றும் அந்தச் சாய்வும் கொண்ட சைக்கிள் தட மாதிரி. வளைவின் ஆரமும் நேர்ப்பகுதியின் நீளமும் வகுப்பறைக்கு ஏற்ப நாம் வகுத்தவை.

அளவு

230 மீற்றரை 24ஆல் வகுத்தால் 9.58 மீற்றர். இதைத் தடத்தின் உள்விளிம்பில் அளக்கிறோம். நேர்ப்பகுதி இரண்டும் தலா 1.86 மீற்றர். ஒவ்வொரு முனையிலும் வளைவு மூன்று துண்டு: 1.40 மீற்றர் ஆரத்தில் 30 பாகை நுழைவு, 70 செ.மீ. ஆரத்தில் 120 பாகை நடுவளைவு, மறுபடி 1.40 மீற்றரில் 30 பாகை வெளியேற்றம். தடத்தின் அகலம் சாய்வின் மேல் அளந்து 48 செ.மீ. முழுவதும் முடிந்தால் 4.64 மீற்றர் நீளமும் 2.52 மீற்றர் அகலமும் வரும். 20 அடிக்கு 20 அடி வகுப்பறையில் வைத்துச் சுற்றி நடக்க இடம் இருக்கும்.

நுழைவு வளைவை விட்டுவிட்டு நேர்ப்பகுதியையும் அரைவட்டத்தையும் நேரே ஒட்டிவிட ஆசை வரும், வேலை பாதியாகக் குறையும் என்பதால். அதைச் செய்யாதீர்கள். நேராக வரும் கார் ஒரே கணத்தில் முழு வளைவையும் முழுச் சாய்வையும் சந்தித்தால், வெளிமுன் சில்லு தூக்கி எறியப்படும். பெவர்லி ஹில்ஸ் தடத்துக்குப் பொறியியலாளர் ஆர்ட் பில்ஸ்பரி செய்த பெரிய திருத்தமே இதுதான். ரயில் பாதை அமைப்பவர்கள் பாவிக்கும் மாறுவளைவுக் கணக்கை எடுத்து, சாய்வையும் வளைவையும் படிப்படியாகக் கூட்டினார். நம் இரண்டு ஆர முறை அதன் எளிய வடிவம். இந்த அளவுக்கு அது காணும்.

நிலத்தில் கோடு போடுதல்

சீமெந்துத் தரையில் சோக்கட்டியால் முழு அளவிலேயே வரையுங்கள். 1.588 மீற்றர் இடைவெளியில் இரண்டு இணைகோடுகள், ஒவ்வொன்றும் 1.86 மீற்றர். நடுவே ஒரு மையக்கோடு. நேர்ப்பகுதி முடியும் புள்ளியிலிருந்து செங்குத்தாக உள்நோக்கி 1.40 மீற்றர் அளந்து ஓர் ஆணியை நிறுத்துங்கள். அது மையக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் விழும், அதுதான் சரி. அடுத்த ஆணி மையக்கோட்டிலேயே, நேர்ப்பகுதியின் முடிவிலிருந்து 35 செ.மீ. வெளியே. இந்த இரண்டு ஆணிகளுக்கும் இடைத்தூரம் 70 செ.மீ. வர வேண்டும். 2 மி.மீ. தப்பினாலும் அழித்துவிட்டு மறுபடி போடுங்கள், ஏனென்றால் இரண்டு வில்களும் சந்திக்கும் இடத்தில் முழங்கை போல ஒரு மடிப்பு விழுந்துவிடும். கயிறு இழுபடும், வில் போட மெல்லிய மரச்சட்டத்தில் இரண்டு துளை போட்டுப் பாவியுங்கள்.

சாமான்

மரக்காலையில் 12 மி.மீ. பிளைவுட் 8க்கு 4 அடித் தகடு 2, 10 அடி நீள 2க்கு 1 ரீப்பை 8, பலகைக் கீற்றுக்கு 8 அடி நீளம், 6 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்பில் 6 பலகை. ஹாட்வெயார் கடையில் முக்கால் அங்குல மெல்லிய ஆணி 3,500 அளவில், 6 மி.மீ. போல்ட் 12, மரப்பசை, 80, 120 இலக்க சாண்ட் பேப்பர். ஆணி நாகம் பூசியதாக இருக்கட்டும். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஊர்களில் வெற்றிரும்பு ஆணி ஒரு மாரிக்குள் துருவேறி, சுற்றியுள்ள மரத்தையும் கறுப்பாக்கிவிடும்.

பலகைக்குத் தேக்குத்தான் நல்லது, ஓட்டம் நேராக உள்ளதைத் தெரிந்தெடுங்கள். முதிரை கடினம், வளைய மறுக்கும். வேம்பில் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் மெல்லிய கீற்று வளைவில் முறியும். அல்பீசியா மலிவு, ஆனால் தேய்க்கத் தேய்க்க மயிர் எழும்பும்.

ஒவ்வொரு பலகையையும் 4 மி.மீ. தடிப்பில் அரிந்து, அதை 10 மி.மீ. அகலக் கீற்றாக இரண்டு பிளக்க வேண்டும். வாள் 3 மி.மீ. தின்றாலும் பலகைக்கு 42 கீற்று, அதாவது சுமார் 100 மீற்றர் கிடைக்கும். தடத்துக்கு வேண்டியது 485 மீற்றர் அளவில், மீதி முறிவுக்கு. கையால் அரிய முடியாத வேலை இது. மேசைவாள் வைத்திருக்கும் ஓடாவியிடம் ஒரே நாளில், ஒரே அமைப்பில் அரிந்து எடுங்கள். இரண்டு நாளில் அரிந்தால் தடிப்பு மாறும், மாறிய இடத்தில் கார் துள்ளும்.

உண்மைத் தடங்களில் 2க்கு 4 அங்குல மரத்தை விளிம்பில் நிறுத்தி வரிசையாக அடித்தார்கள். அதை அப்படியே 24ஆல் சுருக்கினால் கீற்று 2 மி.மீ. அகலம்தான் வரும், ஒரு சுற்றுக்கு 200க்கு மேல் வரிசை வேண்டும். 10 மி.மீ. என்பது கண்ணுக்கும் கைக்கும் இடையிலான சமரசம். ஆனால் பலகைக்குப் பதிலாக முழு பிளைவுட்டைப் போர்த்தி மேலே கோடு கீறுவதை நாங்கள் ஏற்பதில்லை. முறுகும் பரப்பில் தகடு படியாது, படிய வைத்தாலும் அது மரப்பலகைத் தடம் ஆகாது.

சட்டங்கள்

வள்ளத்துக்கு விலாவை நிறுத்திப் பலகை அடிக்கும் அதே முறைதான். ஒவ்வொரு சட்டமும் உள்விளிம்பில் 5 செ.மீ. உயரத்தில் தொடங்கி, 48 செ.மீ. சாய்ந்து ஏறும். அடியகலமும் ஏற்றமும் சாய்வுக்கு ஏற்ப மாறும்: 15 பாகைக்கு அடி 46.4, ஏற்றம் 12.4 செ.மீ.; 20க்கு 45.1, 16.4, 25க்கு 43.5, 20.3, 30க்கு 41.6, 24.0, 35க்கு 39.3, 27.5, 40க்கு 36.8, 30.9, 45க்கு 33.9, 33.9. வெளிப்பக்க முழு உயரத்துக்கு ஏற்றத்தோடு 5 செ.மீ. கூட்டுங்கள்.

நேர்ப்பகுதி முழுவதும் 15 பாகை, சட்டங்களின் இடை 15.5 செ.மீ. நுழைவிலும் வெளியேற்றத்திலும் 12.2 செ.மீ. இடையில் ஒவ்வொரு சட்டத்துக்கும் 5 பாகை கூடும் அல்லது குறையும். நடுவளைவில் 45 பாகை, 10 பாகைக் கோணத்துக்கு ஒரு சட்டம். உள்ளே இடை 12.2, வெளியே 18.1 செ.மீ. எல்லாச் சட்டமும் அந்தந்த வில்லின் ஆணியை நோக்கியே நிற்க வேண்டும்.

மொத்தம் 72 சட்டம். தடத்தை நான்கு கால்பகுதிகளாகக் கழற்ற வேண்டுமென்பதால் (இல்லாவிட்டால் கதவால் வெளியே போகாது) நேர்ப்பகுதிகளின் நடுவிலும் வளைவுகளின் நடுவிலும் சட்டம் இரட்டிக்கும்: 76. அவற்றில் 15 பாகை 28, 45 பாகை 28, இடையில் உள்ள ஐந்து சாய்வுக்கும் தலா 4. ஒரே சாய்வுச் சட்டங்கள் இரண்டைத் தலைமாறி வைத்தால் ஒரு நீள்சதுரம் ஆகும். அப்படி அடுக்கினால் இரண்டு தகட்டில் அடங்கிவிடும். 45 பாகை எல்லாம் முதல் தகட்டில் இரண்டு வரிசை, மிஞ்சும் ஏறத்தாழ 34 செ.மீ. பட்டையில் 15 பாகை பத்து.

சட்டங்களுக்கு இடையே ரீப்பையைக் கட்டையாக வெட்டி, உள்ளடியிலும் வெளியடியிலும் பசையும் ஆணியுமாகப் பூட்டுங்கள். கட்டையின் நீளம் இடைத்தூரத்தில் 12 மி.மீ. குறைய. இரட்டைச் சட்டத்தை அடுத்து வரும் கட்டை மட்டும் இன்னும் 6 மி.மீ. குறையும், இதை மறந்தால் நான்கு பகுதிகளையும் சேர்க்கும்போது சுற்று மூடாது. போல்ட் துளைகளை, பொருத்துக்கு மூன்று வீதம், இரட்டைச் சட்டங்களைச் சேர்த்துப் பிடித்து ஒன்றாகத் துளைத்துவிடுங்கள். பலகை அடித்த பிறகு துளைக்க முடியாது.

இனி ஆக முக்கியமான வேலை. பலகை அடிக்க முன்பு ஒரு கீற்றை நான்கைந்து சட்டங்களின் மேல் படுக்க வைத்து, இரண்டு விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டு பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். கீற்றுக்கும் சட்டத்துக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தால், குற்றம் பெரும்பாலும் அந்தச் சட்டத்தில் இராது. அதன் பக்கத்துச் சட்டம்தான் உயர்ந்து நிற்கும். உயர்ந்ததைச் சீவுளியால் எடுங்கள். தாழ்ந்ததற்குக் கீழே அட்டை வைத்து நிரப்புவது பிற்பாடு இளகும். உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று வரியில் இப்படிப் பார்க்க வேண்டும். நுழைவுப் பகுதிகளில் சட்டத்தின் மேல்விளிம்பே ஒரு பக்கமாகச் சற்றுச் சரிய வேண்டியிருக்கும், கீற்று அங்கே முறுகிக்கொண்டு போவதால். இந்த வேலைக்கு இரண்டு நாள் போனாலும் போகட்டும். தடம் ஓடுமா ஓடாதா என்பது இங்கேதான் தீர்கிறது.

பலகை அடித்தல்

வரிசைக்கு வரிசை 10.5 மி.மீ.: கீற்று 10, இடைவெளி அரை மி.மீ. மொத்தம் 45 வரிசை. ஒரு அளவுச்சட்டத்தில் 45 கோட்டையும் கீறி, அதை ஒவ்வொரு சட்டத்திலும் வைத்துக் குறியுங்கள். அந்த அரை மி.மீ. வீண் இல்லை. மாரியில் ஈரம் ஏறும்போது கீற்று அகலத்தில் 2 வீதம் ஊதினால்கூட 45 வரிசைக்கும் 9 மி.மீ. சேரும், போக இடமில்லாவிட்டால் நடுவில் கூரை போல மேலே எழும்பும்.

உள்விளிம்பிலிருந்து தொடங்குங்கள். கால்பகுதியின் உள்விளிம்பு 2.395 மீற்றர் என்பதால் 8 அடிக் கீற்று ஒரே துண்டாகப் போதும். மேலே ஏற ஏற நீளம் கூடி, வெளிவிளிம்பில் 3 மீற்றருக்குக் கிட்ட வரும். ஆகவே 60 செ.மீ. வரையான ஒட்டுத்துண்டு தேவைப்படும். அந்தத் துண்டை ஒரு வரிசையில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் போடுங்கள். இணைப்பு எப்போதும் சட்டத்தின் மேலேயே விழ வேண்டும், நுழைவுப் பகுதியில் விழவே கூடாது. 12 மி.மீ. விளிம்பில் இரண்டு முனைக்கும் ஆணி அடித்தால் பிளக்கும் என்பதால் சட்டத்தின் பக்கத்தில் ஒரு ரீப்பைத் துண்டை ஒட்டி அகலப்படுத்துங்கள்.

வளைவுக்குப் போகும் கீற்றை அரை மணிநேரம் தண்ணீரில் ஊற விட்டு, வளைத்துக் கட்டி ஒரு இரவு காயவிட்ட பிறகே ஆணி அடியுங்கள். ஈரத்தோடு அடித்தால் காயும்போது சுருங்கி ஆணித்துளையில் வெடிக்கும். ஒவ்வொரு ஆணிக்கும் 1 மி.மீ. துளை முன்கூட்டியே வேண்டும், தலை அரை மி.மீ. உள்ளே போக வேண்டும். பசை மட்டும் வேண்டாம். பெரிய தடங்களில் பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தச்சர்கள் அடியில் நின்று உடைந்த பலகையை மாற்றினார்கள். கிளம்பிய சிம்பு ஓட்டுநர்களின் முகத்தைக் கிழித்தது. உங்கள் தடத்திலும் பலகை முறியும். ஆணியை மட்டும் பிடுங்கி ஒரு கீற்றை மாற்றக்கூடியதாக இருந்தால் பத்து நிமிட வேலை, ஒட்டியிருந்தால் பக்கத்து வரிசைகளும் போகும்.

80இலும் பிறகு 120இலும் கீற்றின் ஓட்டத்தோடு தேயுங்கள். பொருத்துகளில் கீற்று முனைகளைச் சற்றே மழுக்கிவிடுங்கள். ஓடும் பரப்புக்கு வார்னிஷ் பூசாதீர்கள், பிடி போய்விடும். சட்டங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் பெயின்ற் அடிக்கலாம். காலடியில் தும்புப் பாய்த் துண்டுகளை வைத்தால் மண்டபம் அதிராது.

காரும் வேகமும்

மிட்ஜெட்டின் முன்பின் அச்சு இடைத்தூரம் 66 முதல் 76 அங்குலம். 1:24இல் அது 7 முதல் 8 செ.மீ. கடையில் 1:24 என்று எழுதிய ரிமோட் கார் சாதாரணக் காரின் சுருக்கம் என்பதால் இதற்குப் பெரிது. 1:32 என்று இருப்பதன் அடிப்பாகம்தான் பொருந்தும். மேலே திறந்த, சில்லு வெளியே தெரியும் உடலை நீங்களே செய்து ஏற்றலாம். 1934இல் வந்த நான்கு சிலிண்டர் ஓஃபன்ஹவுசர் மிட்ஜெட் எஞ்சினுக்கு 97 கன அங்குலம், ஏறத்தாழ 1.6 லீற்றர். ஆகவே எஞ்சின் மூடி நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்க வேண்டும். ஸ்டியரிங் இடம், வலம் என்று வெட்டி இழுக்கும் மலிவு ரிமோட் உதவாது. படிப்படியாகத் திரும்புவதை வாங்குங்கள். ஓட்டம் இடஞ்சுழியாக.

நடுவளைவின் நடுவரியில் ஆரம் 87 செ.மீ. 45 பாகையில், பக்கவாட்டு இழுப்பே இல்லாமல் கார் போகும் வேகம் விநாடிக்கு 2.9 மீற்றர், சுற்றுக்கு 4 விநாடிக்குச் சற்றுக் குறைய. ரப்பர் சில்லுக்கும் சுத்தமான மரத்துக்கும் உராய்வு 0.6 என்று வைத்தால், 1.5 மீற்றருக்குக் கீழே கார் உள்நோக்கி வழுக்கி இறங்கும், 5.8க்கு மேல் வெளியே போகும். தூசி படிந்து உராய்வு 0.3க்கு இறங்கினால் அதே எல்லைகள் 2.1க்கும் 4.0க்கும் சுருங்கிவிடும். கல்லடி, பாசிக்குடா, காரைதீவு போன்ற கரையோரங்களில் செருப்போடு வரும் கடல்மணலே இதற்குக் காணும். ஓட்டத்துக்கு முன் உலர்ந்த துணியால் தடத்தைத் துடைத்து, உராய்வைச் சோதியுங்கள்: அதே மரக்கீற்று அடித்த ஒரு துண்டில், சில்லு உருளாமல் கட்டிய காரை வைத்து மெல்லச் சரிக்க வேண்டும். 31 பாகையில் வழுக்கினால் 0.6, 17 பாகையிலேயே வழுக்கினால் 0.3.

விளக்க அட்டையில் வேகத்தை 24ஆல் பெருக்கி எழுதுவது பரவலான பிழை. சாய்வும் ஈர்ப்பும் சேர்ந்த இந்தக் கணக்கில் வேகம் 24இன் வர்க்கமூலத்தால், அதாவது 4.9ஆல்தான் பெருகும். 2.9 மீற்றர் என்பது முழு அளவில் மணிக்கு 51 கிலோமீற்றர்.

இரண்டு காருக்கு மேல் ஓட விடாதீர்கள். மேலே நின்றுபோகும் கார் கீழே வருபவனின் மேல்தான் விழும்.

வலையும் பாதுகாப்பும்

வெளிவிளிம்பில் 4 செ.மீ. உயரத்துக்கு ஒரு தடுப்புச் சட்டம். இரண்டு வளைவிலும் அதற்கு மேல் 30 செ.மீ. உயரத்துக்குச் சிறுகண் மீன்வலையைத் தொய்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் கார் தெறித்துத் தடத்துக்கே திரும்பும். பிள்ளைகள் விரும்பி நிற்கும் இடம் வளைவின் மேல்விளிம்புதான், தப்பும் கார் போய்ச் சேரும் இடமும் அதுவே. 1912 செப்டெம்பர் 8ஆம் திகதி நியூஜேர்சியின் நியூவார்க்கில், மோட்டார் சைக்கிள்களுக்கான மரவட்டத்தில் எடி ஹாஷா விளிம்பைத் தாண்டியபோது அவரோடு இன்னோர் ஓட்டுநரும் பார்வையாளர்களும் மாண்டார்கள். வளைவிலிருந்து ஒரு மீற்றர் தள்ளிக் கயிறு கட்டி, பார்ப்பவர்களை நேர்ப்பகுதிப் பக்கம் நிறுத்துங்கள்.

மாரிக்கு முன்

கீற்று அரிவதையும் அடிப்பதையும் ஓகஸ்ட், செப்டெம்பருக்குள் முடியுங்கள். ஒக்டோபருக்குப் பிறகு மரம் காயாது. பருவம் முடிந்ததும் போல்ட்டைக் கழற்றி, நான்கு பகுதிகளையும் நேர்ப்பகுதி முனை கீழே வர நிறுத்திச் சுவரோரம் வைக்கலாம். ஒன்றன் மேல் ஒன்று படுக்க வைத்தால் நுழைவுப் பகுதியின் முறுக்கு நசுங்கும். முனைக்குக் கீழே செங்கல் வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள், கறையான் ஏறினால் கண்ணில் படும். ஜனவரி முடிய எடுத்துப் பூட்டும்போது பொருத்துகள் ஒரு மி.மீ. வரை ஒத்துப்போகாமல் நிற்கும். அதைச் சீவாமல் இரண்டு கிழமை உலரவிடுங்கள். பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். அதற்குப் பிறகும் நிற்பதை மட்டும் 120 இலக்கத் தாளால் எடுத்துவிட்டு ஆணித்தலைகளை ஒரு முறை தட்டிப் பாருங்கள்.